பூஜையில் இருக்கும் ஸ்பேனர்

காரை மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஒருத்தி கடைக்குப் போகிறாள். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. திருடன் வரவில்லை. மாமியார் எல்லாவற்றையும் எடுத்துப் பூஜையில் வைத்துவிட்டார். சிரிக்காதீர்கள் கண்ணுகளா, அவளுக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது.

அவள் பெயர் சாருலதா. கோபாலபுரத்தில், முன்னால் கார் நிறுத்தக் கொட்டகை போட்ட பழைய வீடு. புருஷன் நிரஞ்சன் ஆடிட்டர். மாமியார் விசாலாக்ஷி. சாரு மயிலாப்பூரில் ஒரு பேங்கில் ஆபீஸர். தொண்ணூற்றேழாம் வருஷம் இது நடந்தது.

அவளிடம் ஒரு மாருதி ஜென் இருந்தது. மூன்று கை மாறி வந்தது, சாயம் போன சிவப்பு. ஆனால் சின்ன வண்டிகளுக்குள் அந்த நாளில் அதுதான் துள்ளும். சிக்னலில் பச்சை விழுந்தால் பெரிய வண்டிக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, இது அடுத்த சிக்னலில் நிற்கும். சாரு நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. அந்தச் சாவியை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டாள். நிரஞ்சனுக்குக்கூட.

வருஷத்துக்கு ஒருமுறை பெண்களுக்கென்று ஒரு கார் ராலி நடக்கும். அது வேகப் போட்டி இல்லை. ஒருத்தி ஓட்டுவாள், பக்கத்தில் இன்னொருத்தி வழி சொல்வாள். கிளம்பும்போது கையில் ஒரு வழிப்புத்தகம் கொடுப்பார்கள். இத்தனை தூரம் போய் இடது பக்கம் திரும்பு, இன்ன வேகத்தில் போ, வழியில் நேரம் குறிக்கிற மேஜைக்கு இத்தனை மணிக்கு வந்து சேர் என்று அதில் படம் போட்டிருக்கும். வழி சொல்கிறவள் தலையைத் தூக்காமல் அதையே படித்துக்கொண்டு வரவேண்டும்.

சாருவுக்கு வழி சொன்னவள் ஜஹீதா. ராயப்பேட்டைக்காரி. அவள் புருஷன் மெஹபூப் அலிக்குப் புதுப்பேட்டையில் மோட்டார் சாமான் கடை. பேங்க் கவுண்டரில் ஆரம்பித்த சிநேகம் அது. போன வருஷ ராலியில் இரண்டு பேரும் பாதி வழிகூடப் போகவில்லை. வண்டியின் ஷாக் அப்சார்பரெல்லாம் ஓய்ந்து போயிருந்தது. ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் அடுத்த தெரு வரைக்கும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தில் குனிந்து படம் பார்த்துக்கொண்டு வந்த ஜஹீதா, சாந்தோம் பக்கத்தில் வழிப்புத்தகத்தின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் எந்தப் படமும் தெரியவில்லை. மீனவர் குப்பத்துச் சந்து ஒன்றில் நுழைந்து, எதிரே கட்டுமரம் குறுக்கே கிடக்க, அங்கேயே முடிந்தது ராலி.

"ஊஞ்சல்ல உக்காந்து நான் படிக்க மாட்டேன் சாரு. வண்டிய சரி பண்ணு, வரேன். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்க" என்று ஜஹீதா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? அதோடு, வருகிற டிசம்பரில் சாருவுக்கு நாக்பூருக்கு மாற்றல் என்று உத்தரவு வந்திருந்தது. வண்டி சென்னையில் நிற்கப்போகிறது. இந்த வருஷம் ஓட்டி முடித்தால் உண்டு, விட்டால் விட்டதுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கடைசி மேஜை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ராலி. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய் ராலிக்காரர்களின் ஆளிடம் சோதனைக்குக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை பேங்க் லீவு. மெஹபூப் அலி கோயம்புத்தூரில் சொல்லி வைத்து, கெட்டியான ஸ்பிரிங் நாலும், கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர் நாலும் வரவழைத்துக் கொடுத்திருந்தார். சாரு கையேட்டை வரி விடாமல் படித்து, ஸ்பேனர் செட்டும், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற கொக்கியும் வாங்கி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை லீவு எதற்காக விட்டார்கள் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அன்றைக்குச் சரஸ்வதி பூஜை. ஆயுத பூஜை.

தெரியாமல் இல்லை. எட்டு வருஷமாக அந்த வீட்டில் பார்க்கிறாள். புத்தகங்களை அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்தி, ஒரு கத்தரிக்கோலும் பாக்குவெட்டியும் வைப்பார்கள். காருக்குச் சந்தனம் வைப்பார்கள். அவ்வளவுதானே, அது பாட்டுக்கு உள்ளே நடக்கும், நாம் பாட்டுக்கு வெளியே வேலை பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் காபி குடித்த கையோடு அவளும் ஜஹீதாவும் ஆரம்பித்தார்கள். சக்கரங்கள் வந்தன. பழைய ஸ்பிரிங், பழைய ஷாக்கெல்லாம் வந்தன. முன் பக்கத்தில் ஸ்பிரிங்குக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு ரப்பர் உட்கார்ந்திருக்கும். அதைத் தொட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தது.

"இது புதுசு வேணும். வா, கடைக்குப் போய் எடுத்துக்கினு வந்துடலாம்" என்றாள் ஜஹீதா.

அவளுடைய கைனடிக் ஹோண்டாவில் இரண்டு பேரும் புதுப்பேட்டைக்குப் போனார்கள். வழியெல்லாம் ஆட்டோக்களில் வாழைக்கன்று கட்டியிருந்தது. ஒர்க்‌ஷாப் வாசல்களில் மாவிலைத் தோரணம். சாரு பார்த்தாள், பார்த்துக்கொண்டே போனாள். மண்டையில் உறைக்கவில்லை. மெஹபூப் அலி பாதி ஷட்டரைத் தூக்கி ரப்பரை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தால் கொட்டகை துடைத்து விட்ட மாதிரி இருந்தது. பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம்கூடப் போட்டிருந்தது. காரின் நெற்றியில் சந்தனம், மூன்று பட்டை விபூதி. ஸ்பேனர் இல்லை. சுத்தி இல்லை. கொக்கி இல்லை. புது ஸ்பிரிங் இல்லை. வண்டிக்கு அடியில் கொடுத்திருந்த ஜாக்கிகூட இல்லை.

"அம்மா! சாமானெல்லாம் எங்கே?"

விசாலாக்ஷி வெளியே வந்தார். முகம் கொள்ளாத பூரிப்பு. "பூஜையில இருக்குடி. எவ்வளவு அழகா இருக்குன்னு வந்து பாரு. நீயும் வா ஜஹீதா, கையை அலம்பிண்டு வா."

போய்ப் பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். நாலு ஸ்பிரிங்கும் குத்துவிளக்கு மாதிரி நின்றன, வளையத்துக்கு வளையம் மல்லிகைச் சரம் சுற்றி. ஜாக்கிக்குக் கதம்ப மாலை. கொக்கியின் இரண்டு கையிலும் அறுகம்புல். ஷாக் அப்சார்பர்கள் பட்டுத்துணி மேல் படுத்திருந்தன, கண் கூசுகிற வெள்ளித் தண்டெல்லாம் சந்தனம் குழைத்துப் பூசிக்கொண்டு. கற்பூரம் அப்போதுதான் அணைந்திருந்தது.

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துடறது. நீங்க வரவரைக்கும் காத்திண்டிருக்க முடியலை" என்றார் விசாலாக்ஷி. "கல்யாணமாகி வந்த நாளா ஆயுத பூஜைன்னு பேரு பண்ணிண்டிருக்கேன். இந்த ஆத்துல ஏது ஆயுதம்? உங்க மாமனார் கணக்கு எழுதினார், இவன் கணக்கு எழுதறான். ஒரு கத்தரிக்கோலுக்கும் பாக்குவெட்டிக்கும் எத்தனை வருஷம் கற்பூரம் காட்டறது? இந்த வருஷம்தான் ஆயுதம் ஆயுதமா இருந்தது. எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமோ!"

சாரு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஜாக்கியை எப்படி எடுத்தேள்?"

"கட்டை மேலதானே நின்னுண்டிருக்கு வண்டி? அம்மா கேட்டா, எடுத்துக் கொடுத்தேன்" என்றான் நிரஞ்சன்.

"அம்மா கேட்டா என்னையும் தூக்கிப் பூஜையில வைப்பேளா?"

"நீ வரலையே அப்போ."

ஜஹீதா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஒரே ஒரு ஸ்பேனர். அந்தப் பதினாலாம் நம்பர் மட்டும்" என்று சாரு கெஞ்சினாள்.

"எடுக்கப்படாது. நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆனதும் தரேன். நாளைக்கு விஜயதசமி. அன்னிக்கு ஆரம்பிச்சா நன்னா வரும்."

"நான் இன்னிக்கே ஆரம்பிச்சாச்சே அம்மா! வண்டி வயத்தைக் கிழிச்சுப் போட்டாச்சே!"

"அதுக்கென்ன, ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். ஓடியா போயிடப்போறது? அது கிடக்கட்டும், எலுமிச்சம்பழம் வைக்கணுமே. சக்கரமெல்லாம் எங்கே?"

"சுவத்துல சாய்ஞ்சிருக்கு."

விசாலாக்ஷி கொஞ்சம் யோசித்தார். பிறகு சுவரில் சாய்ந்திருந்த நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, திருப்தியாக உள்ளே போனார்.

சாரு விட்டுவிடுகிறவள் இல்லை. இரவல் வாங்கலாம் என்று மறுபடி ஸ்கூட்டரில் ஏறினாள். ராயப்பேட்டையில் முதல் ஒர்க்‌ஷாப்பில் ஒருவன் தரையெல்லாம் கழுவிவிட்டு, புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மேடம், இன்னிக்கிப் போய் ஸ்பேனர் கேக்குறீங்க? அல்லாம் பூஜைல கீது. நாளைக்கி வாங்க. இந்தாங்க, பொரி எடுத்துக்கினு போங்க."

அடுத்த கடையிலும் அதே. அதற்கடுத்த கடையில் பொரியோடு வாழைப்பழமும் கொடுத்தார்கள். தியாகராய நகர் வரைக்கும் போனார்கள். நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய் மேல் ஏறி ஸ்கூட்டர் ஒரு வழுக்கு வழுக்கி நின்றது. பூசணிக்காயை உடைத்தவனே ஓடி வந்து தூக்கி விட்டு, அவனும் ஒரு பொட்டலம் கொடுத்தான்.

"கலீமுல்லா பாய்கிட்ட போலாம். அவரு எங்க ஆளு. அவரு எதுக்குப் பூஜை போடுறாரு?" என்றாள் ஜஹீதா நம்பிக்கையாக.

கலீமுல்லா பாய் தன் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஊதுவத்தி மணத்தது. "வாம்மா ஜஹீதா. ஸ்பேனரா? என்கிட்ட கேக்காதே. பசங்க காலைலயே பூஜை போட்டு முடிச்சிட்டானுங்க. நானே ஒரு ஆணி அடிக்கணும்னு சுத்தியத் தொட்டேன், ஒருத்தன் அடிக்க வந்துட்டான். என் பட்டறை, என் சுத்தி! சரி, பொரி சாப்பிடுறீங்களா?"

கடைசியில் மெஹபூப் அலியின் கடை. ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது. கடைப் பையன்கள் பூட்டுக்கே சந்தனம் வைத்துவிட்டுச் சாவியோடு போயிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தார்கள். மடி நிறையப் பொரிப் பொட்டலம், ஒரு ஸ்பேனர் கிடையாது. சாரு படியில் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இந்த ஊர்ல முப்பத்தஞ்சு லட்சம் ஜனம். ஒருத்தர் வீட்டுல ஒரு பதினாலாம் நம்பர் ஸ்பேனர் சும்மா கிடக்காதா ஜஹீதா?"

"கிடக்கும். நமக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல கிடக்காது" என்று ஜஹீதா பொட்டுக்கடலையாகப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது சாரு குளித்துவிட்டுப் பூஜையறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி. உள்ளே விசாலாக்ஷி அவசரமே இல்லாமல் நைவேத்தியத்துக்கு வெல்லம் பொடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் பொடிக்கட்டுமா?"

"நீ வேகமாப் பொடிப்பே. கட்டி நிக்கும்."

ஒன்பதுக்கு ராகுகாலம் ஆரம்பிப்பதற்குள் ஒரு வழியாகப் புனர்பூஜை முடிந்தது. சாரு பாய்ந்தாள். விசாலாக்ஷி தடுத்தார். "முதல்ல புஸ்தகத்தை எடுத்து நாலு வரி படிக்கணும். அப்புறம் ஆயுதம்." சாரு கைக்கு வந்த புத்தகத்தைப் பிரித்தாள். அது நிரஞ்சனின் வருமானவரிச் சட்டம். நாலு வரி படித்தாள். சத்தமாக. பல்லைக் கடித்துக்கொண்டு.

அதன் பிறகுதான் ஷாக் அப்சார்பரைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளித் தண்டில் பூசிய சந்தனம் காய்ந்து, மணல்காகிதம் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஷாக் அப்சார்பர் என்பது ஒரு குழாய், அதற்குள் போய் வருகிற ஒரு தண்டு. குழாயின் வாயில் ஒரு ரப்பர் வளையம் தண்டை இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால்தான் உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே வராது. தண்டு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிற வரைக்கும் வளையத்துக்கு ஒன்றும் ஆகாது. சொரசொரப்போடு ஒரு தடவை உள்ளே போனால் போதும், வளையம் கிழிந்துவிடும்.

"தொடாதே, தேய்க்காதே!" என்று ஜஹீதா கத்தினாள்.

"என்ன, சந்தனம்தானே? வெள்ளிச் சொம்புல காய்ஞ்சா என்ன பண்ணுவேன்? ஈரத்துணி சுத்தி வச்சா தானா விட்டுடும். கீறல் விழாது. குடு இப்படி" என்று விசாலாக்ஷி வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்ன மாதிரியே சந்தனம் விட்டுவிட்டது. மூன்று தண்டும் பளிச்சென்று ஆனது. நாலாவதைச் சுற்றிய துணியில் மட்டும் எண்ணெய் ஊறியிருந்தது.

"இது ஒழுகறதே. இது மட்டும் எப்படி?" என்றாள் சாரு.

நிரஞ்சன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நேத்து சாயங்காலம்... அது வேலை செய்யறதான்னு ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன்."

"பூஜையில இருந்ததையா?"

"எடுக்கலையே. வச்ச இடத்துல வச்சே அழுத்தினேன்."

"எத்தனை தடவை?"

"நன்னா வேலை செஞ்சுது. அதனால இன்னும் ரெண்டு தடவை."

கண்ணுகளா, அவள் கொட்டகைக்குப் போய், காலி பெயின்ட் டப்பா ஒன்றை உதைத்தாள். அது தெருமுனை வரைக்கும் உருண்டு போயிற்று.

கெட்டுப் போனது முன் பக்கத்து வலது. கோயம்புத்தூரிலிருந்து வேறொன்று வர வாரம் ஆகும். நல்லது மூன்று இருக்கிறது. பின்னால் இரண்டுக்கும் புதியதைப் போட்டுவிடலாம். முன்னால்?

"இடது பக்கம் புதுசு கீதே, அதப் போடு. வலது பக்கம் பழச மாட்டு" என்றாள் ஜஹீதா.

"முடியாது. கையேட்டுல தடிச்ச எழுத்துல போட்டிருக்கான். முன்னாடி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசு போடவே கூடாதாம். ரெண்டும் பழசே போடறேன். ஸ்பிரிங் புதுசுதானே, அது தாங்கும்."

"தாங்குமா?"

"தாங்கும்!"

ஜஹீதா கையை உயர்த்தினாள், அப்புறம் உன் இஷ்டம் என்கிற மாதிரி.

பழைய ஷாக்குகள் புது ஸ்பிரிங்கோடு முன்னால் ஏறின. கடைசி போல்ட்டுக்கு விசாலாக்ஷி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார். "இன்னிக்கு ஆயுதத்தை எல்லாரும் கொஞ்சமாவது எடுத்து வேலை செய்யணும். நான் எதைத் திருகணும், சொல்லு."

வேண்டாமென்று சொன்னால் அதற்கு வேறு ஒரு நாழி பேச வேண்டும். சாரு இடது பக்கத்து போல்ட்டைக் காட்டினாள். விசாலாக்ஷி இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து, அம்மிக்கல்லை நகர்த்துகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துத் திருகினார். சக்கரங்கள் மாட்டினார்கள். வண்டி கட்டையை விட்டுத் தரைக்கு இறங்கிற்று. சக்கரத்துக்கு அடியில் எடுத்து வைத்த நேற்றைய எலுமிச்சம்பழங்கள் நாலும் ஒருவழியாக நசுங்கின.

சோதனைக்குக் காட்டும் முன்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். போன வருஷத்து வழிப்புத்தகத்தைத் துடைத்து வைத்திருந்தாள் சாரு. அதை மடியில் பிரித்துக்கொண்டு ஜஹீதா குனிந்து படித்தாள். பீட்டர்ஸ் ரோடு, கதீட்ரல் ரோடு, ராதாகிருஷ்ணன் சாலை. வண்டியின் பின்பக்கம் கல்லு மாதிரி நின்றது. சாருவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பார்த்தியா, பார்த்தியா! எப்படி நிக்குது பாரு!"

ஜஹீதா மூன்றாவது ஸ்பீடு பிரேக்கரில் புத்தகத்தை மூடினாள். நாலாவதில் கண்ணை மூடினாள். கடற்கரை ரோடு வருவதற்குள், "நிறுத்து" என்றாள். இறங்கிப் போய் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன ஜஹீதா, விளையாடுறியா? வண்டி எவ்வளவு நல்லா போகுது!"

"உனக்கு நல்லா போகுது. எனக்குக் குடல் தொண்டைக்கு வருது."

"உனக்கு மனசுல இருக்கு. போன வருஷத்த நெனச்சுக்கிட்டே வர."

ஜஹீதா திரும்பினாள். இரண்டு நாளாக அந்த வீட்டில் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே பார்த்தவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "மனசுலயா? என் மனசுலயா? நீ ஒரு தடவை இங்க உக்காந்து பாரு. எழுந்திரு. சாவியக் குடு. நான் ஓட்றேன், நீ படி. அப்புறம் பேசு."

சாரு சாவியைப் பார்த்தாள். யாருக்கும் கொடுக்காத சாவி. கொடுக்காவிட்டால் ஜஹீதா அப்படியே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவாள் போலிருந்தது. கொடுத்தாள்.

ஜஹீதா கடைச் சாமான் கொண்டுபோக ஆம்னி வேன் ஓட்டிப் பழகியவள். கியரை அவள் போட்ட சத்தத்தில் சாருவுக்குப் பல் கூசிற்று. சொல்ல வாயெடுத்தாள், "படி!" என்று அதட்டினாள் ஜஹீதா. சாரு குனிந்து படித்தாள். முதல் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. வலது பக்கம் ஏறி இறங்கி நின்றுவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த இடது பக்கம் ஏறிற்று, இறங்கிற்று, மறுபடி ஏறிற்று, மறுபடி இறங்கிற்று. பாத்திரத்தில் தளும்புகிற மோர் மாதிரி அவள் வயிறு தளும்பிற்று. இரண்டாவது வந்தது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது.

"நிறுத்து, நிறுத்து!"

இறங்கி, அவளும் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல இருக்கா?" என்றாள் ஜஹீதா.

சாரு தண்ணீர் குடித்தாள். பிறகு வண்டியின் முன்னால் போய், வலது பக்கத்து மூக்கை இரண்டு கையாலும் அழுத்தி விட்டாள். ஒரு தடவை எழும்பி நின்றது. இடது பக்கத்தை அழுத்தி விட்டாள். எழும்பி, அமுங்கி, எழும்பி, அமுங்கி, அது பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தது.

"இடது பக்கத்தது செத்தே போச்சு ஜஹீதா. வலது பக்கத்துல இன்னும் உசுரு இருக்கு. அதான் எனக்குத் தெரியல." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வாங்கின நாள்லேர்ந்து ஒரு நாளு நான் இந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல. எப்படித் தெரியும்?"

"சாவிய யார்கிட்டயாவது குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

திரும்பி வீட்டுக்குப் பறந்தார்கள். நல்லதாக இருந்த மூன்றாவது புது ஷாக், அதிர்ஷ்டவசமாக, இடது பக்கத்துக்கு உரியதுதான். கையேடு கொட்டகைத் தரையில் திறந்து கிடந்தது. தடித்த எழுத்துப் பக்கத்தைச் சாரு காலால் மூடினாள்.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேனரைப் போட்டாள். போல்ட் அசையவில்லை. ஜஹீதா பிடித்தாள். அசையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். அசையவில்லை. அது மாமியார் திருகிய போல்ட்.

"நிரஞ்சன்!"

நிரஞ்சன் பயந்துகொண்டே வந்தான்.

"இது மேல ஏறி நில்லுங்கோ. எதையும் அழுத்திப் பார்க்க வேண்டாம், எதையும் யோசிக்க வேண்டாம். ஏறி நின்னா போதும்."

ஏறி நின்றான். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. படாரென்று ஒரு சத்தம், போல்ட் விட்டது, நிரஞ்சன் கீழே உட்கார்ந்தான். இரண்டு நாளில் அவன் செய்த உருப்படியான வேலை அதுதான். விசாலாக்ஷி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நான் அவ்வளவு கெட்டியாவா திருகினேன்!" என்று தனக்குத்தானே சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

ஸ்பிரிங்கை அழுத்திக் கட்டி, பழையதை உருவி, புதியதை நுழைத்து, ரப்பர்த் தொப்பி வைத்து முடுக்கும்போது சாருவின் விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்திருந்தது. சாப்பிடவில்லை. "சுடச்சுட ரெண்டு தோசை" என்று வந்த மாமியாரை ஜஹீதாதான் தட்டை வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தாள். சோதனை மைதானத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது அங்கே மேஜையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொப்பி போட்ட ஒருவர் டார்ச்சோடு குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சாருவும் கூடவே குனிந்தாள். ஒரு பக்கம் பழசு ஒரு பக்கம் புதுசு என்று கண்டுபிடித்துவிட்டாரோ?

"ஸ்பிரிங்ல ஏதோ பூ மாதிரி தெரியுதே?"

"மல்லிகைப்பூ சார். நேத்து பூஜை."

"வண்டிக்கு வெளியே போடுவாங்க. உள்ளயுமா போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து, கண்ணாடி மேல் போட்டி நம்பரை ஒட்டினார்.

மறுநாள் காலை கொடி அசைத்தார்கள். ஜஹீதா குனிந்தவள் குனிந்தவள்தான். "முன்னூறு மீட்டர்ல இடது. அப்புறம் கோயில் தாண்டி வலது. வேகத்தைக் கொற, கொற. இப்ப நேரா." அவள் பக்கம் அசையவில்லை. அடையாறு, கோட்டூர்புரம், நந்தனம் என்று வழி நீண்டது. அவள் ஒரு தடவைகூட நிமிரவில்லை, முகம் சுளிக்கவில்லை. நடுவில் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சாருவின் கதை வேறு. கையேடு தடித்த எழுத்தில் எதைச் சொல்லிற்று என்பது அவளுக்கு இப்போது விளங்கிற்று. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வலது பக்கம் அமுங்கும், இடது பக்கம் அமுங்க மாட்டேன் என்னும். ஸ்டியரிங் வெடுக்கென்று ஒரு பக்கம் பிடுங்கும். அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நேராக்குவாள். நேராக்கி முடிப்பதற்குள் அடுத்த பள்ளம். நம் ஊரில் பள்ளத்துக்கா குறைச்சல்? மாமியாரைத் திட்டினாள். புருஷனைத் திட்டினாள். கார்ப்பரேஷனைத் திட்டினாள். கையேடு எழுதினவனை, சொன்னது சரியாகப் போய்விட்டதற்காகத் திட்டினாள்.

"வலது" என்றாள் ஜஹீதா, தலையைத் தூக்காமல்.

"தெரியுது!"

"தெரிஞ்சா திரும்பு. திட்றத அப்பறம் வச்சிக்க."

பெசன்ட் நகரில் ஒரு மரத்தடியில் கடைசி மேஜை இருந்தது. அங்கே இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதி, முத்திரை குத்தி நீட்டினாள். ஜஹீதா வாங்கிக்கொண்டு, இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் சாரு.

"முடிஞ்சுது."

"நிஜமா? இதுக்கு மேல படம் இல்லையே?"

"இல்லம்மா. இதான் கடைசி. வந்து சேந்துட்டோம்."

எத்தனையாவதாக வந்தார்கள் என்று கேட்காதீர்கள். அவர்களே அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. சாரு எதிரே மரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு. எல்லாரும் ஜூஸ் குடிக்கிறாங்க."

"முடியலடி."

"ஏன்?"

"கை வரல. ஸ்டியரிங்க விட்டு விரல் பிரிய மாட்டேங்குது."

ஜஹீதா தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, சாருவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து விட ஆரம்பித்தாள்.